பெட்டி இருக்கு

— தொடாதீகம்மா. அந்தப் பெட்டியில கைய வைக்காதீக.

— என் மக பெட்டிதானே ஆத்தா?

— உங்க மக பெட்டிதான், இல்லைங்கல. ஆனா அதை நகட்டுனா என்ன அர்த்தம்னு தெரிஞ்சுக்கிட்டு நகட்டுங்க.

— நீதான் ஜாஹிதாவா?

— ஆமா. எப்படித் தெரியும்?

— ரஞ்சனி சொல்லிருக்கா. வாயத் தொறந்தா ரயிலு மாதிரி, நடுவுல எந்த ஸ்டேஷன்லயும் நிக்காதுன்னு.

— அவ சொன்னாளா? எப்பச் சொன்னா? இப்பவா? எப்படிம்மா இருக்கா? போன் ஏன் ஆஃப்லயே கெடக்கு? ஞாயித்துக்கெழமை சாயந்தரம் வந்துருவேன், எனக்கும் சேத்து மெஸ்ஸுல தட்டு எடுத்து வைடின்னு சொல்லிட்டுப் போனவ. எத்தனை ஞாயிறு போயிருச்சு! பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கூட வந்துருச்சு, நான்தான் வாங்கி வச்சிருக்கேன்.

— இந்தா, கெளம்பிருச்சு ரயிலு.

— சிரிக்காதீகம்மா. எனக்கு ஆத்திரமா வருது.

— சிரிப்பு மாதிரியா இருக்கு? சரி, சிரிக்கல. போனு அவ சித்தப்பாகிட்ட இருக்கு. அதான் ஆஃப்பு.

— அவ எங்க இருக்கா?

— வீட்டுலதான். மாடி ரூமுல.

— புதுவயல் வீட்டுலயா? அப்ப நான் பஸ் ஏறி வந்து பாக்குறேன். இந்தா இருக்கு புதுவயலு.

— வந்தாலும் பாக்க முடியாது. கதவு வெளிய பூட்டிருக்கு. சோறு கொண்டு போறப்ப மட்டும் நான் தொறப்பேன்.

— பெத்த பிள்ளையப் பூட்டி வச்சா சோறு போடுறீக?

— முகூர்த்தம் முடியிற வரைக்கும்தான்னு சொல்றாக.

— முகூர்த்தமா? யாருக்கு?

— அவளுக்குத்தான். எங்க அரிசி மில்லுக்குக் கூட்டாளியா இருக்கவரு மகன். வயசு கொஞ்சம் கூட. அதுக்குத்தான் சாமானெல்லாம் எடுத்துட்டுப் போக வந்தோம். இனிமே படிக்க வரமாட்டா.

— யா அல்லா. இன்னும் ஒரே ஒரு பரீட்சைம்மா. எம்.எஸ்.ஸி. முடிஞ்சிரும். எதுக்கு இம்புட்டு அவசரம்?

— கோட்டையூரு பஸ் ஸ்டாப்புல ஒரு பையனோட நின்னு டீ குடிச்சாளாம். நம்ம மில்லு லாரி டிரைவரு பாத்துட்டு வந்து சொல்லிட்டான்.

— கதிரவனா! எங்க கிளாஸ் பையன்மா அவன். கண்ணாடி போட்டுக்கிட்டு, பாவம், டீக் கிளாஸைப் பிடிக்கவே கை நடுங்கும் அவனுக்கு. நானும்தான் கூட நின்னேன். ரெண்டு பேருக்கும் நடுவுல, வடையத் தின்னுக்கிட்டு. இம்புட்டுப் பெரிய ஆளு நிக்கிறேன், அந்த டிரைவருக்கு நான் மட்டும் கண்ணுல படலையா?

— சொல்ற ஆளுக்கு எது வேணுமோ அதுதான் தெரியும்.

— அவ கல்யாணத்துக்குச் சரின்னுட்டாளா?

— சொல்லலை. அதான் கன்னம் வீங்கிக் கெடக்கு.

— அடிச்சாகளா? யாரு, சித்தப்பாவா?

— நான்.

— ...நீங்களா?

— நான்தான். இந்தக் கைதான்.

— அப்ப எங்கிட்ட எதுக்கு ஆத்தா, ஆத்தான்னு குழைஞ்சுக்கிட்டு நிக்கிறீக? உங்களைப் பத்தி அவ எப்படியெல்லாம் சொல்லுவா தெரியுமா? எங்க அம்மா ஒரு வார்த்தை வையமாட்டாங்க, எங்க அம்மா மாதிரி உண்டாம்பா. தூக்கிட்டுப் போங்க பெட்டிய. தூக்குங்க!

— தொடாதேங்கிற. தூக்குங்கிற.

— ரெண்டையும்தான் சொல்லுவேன், போங்க.

— அழாத. மூக்கத் தொடச்சுக்க. முதல்ல அந்தப் பெட்டிய ஏன் நகட்டக் கூடாதுன்னு சொல்லு.

— சொன்னா உங்களுக்குப் புரியுமா? ரஞ்சனி சொல்லிருக்கா, நீங்க பத்தாப்புதான்னு.

— பத்தாப்புன்னு சொல்லித்தான் கட்டிக் குடுத்தாக. சொல்லு, புரியாட்டித் திருப்பிக் கேக்குறேன். இப்ப எப்படிச் சொல்றீகன்னு கேப்போம்.

— சரி, அந்தக் கட்டில்ல உக்காருங்க. ரஞ்சனி கட்டில்தான். இந்த வீடு இருக்குல்ல, இது ரங்கூன்ல யாவாரம் பண்ண ஒரு செட்டியாரு கட்டுனது. பிள்ளை இல்லை. பொம்பளைப் பிள்ளைக தங்கிப் படிக்கட்டும்னு யுனிவர்சிட்டிக்கு எழுதி வச்சுட்டாரு. அவுக வீட்டு ஆச்சி பேருலதான் விசாலாட்சி ஆச்சி விடுதி. முத செட்டுப் பிள்ளைக வந்தப்ப உள்ள ஒரு சாமானும் கெடையாதாம். கட்டில் இல்ல, மேசை இல்ல. அவுகவுக கொண்டாந்த தகரப் பெட்டிதான். அதுல வச்சுத்தான் எழுதுறது, அதுல தலைய வச்சுத்தான் படுக்கிறது.

— ம்.

— அதுல ஒரு அக்காவ, நாத்து நடுற நேரம்னு அவுக அப்பா வந்து ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாராம். திருப்பி அனுப்ப மாட்டாருன்னு எல்லாருக்கும் தெரியும். பிள்ளைக என்ன செஞ்சாளுக தெரியுமா? பெட்டிய அரிசி மூட்டைக்குப் பின்னால ஒளிச்சு வச்சுட்டாளுக. சாயந்தரம் வார்டன் பேரு கூப்பிட்டாங்க. வந்தவுக இருக்கேன்னு சொல்லணும். இந்த அக்கா பேரு வந்தப்ப ஒருத்தி எந்திரிச்சு, பெட்டி இருக்கு மேடம்னு சொன்னாளாம். பெட்டி இருந்தா ஆளு வரும்னுதானே அர்த்தம்? வார்டனும் பேரை அடிக்கலை. ரூமை வேற யாருக்கும் குடுக்கலை.

— அந்தப் பிள்ளை வந்துச்சா?

— வந்துச்சாம்! பெட்டிய எடுக்கப் போறேன்னு அப்பாகிட்டச் சொல்லிட்டு வந்து, அப்படியே இருந்து படிச்சு டீச்சராயிருச்சாம். அன்னைக்குப் பிடிச்ச வழக்கம்மா. இப்ப ரூமுக்கு ரூம் பீரோ வந்துருச்சு. இருந்தாலும் சேர்ற பிள்ளை தகரப் பெட்டி கொண்டாரணும். சீனியர் அக்காதான் மூடியில பெயிண்டால பேரு எழுதுவா. தப்பா எழுதுனாலும் திருத்தக் கூடாது, விடுதியில அதுதான் பேரு. என்னைய எங்க அத்தா ஆசை ஆசையா ஜாஹிதான்னு பேரு வச்சாரு. எழுதுனவ 'ஹ'வுக்குப் பதிலா 'க' போட்டுட்டா. இங்க நான் ஜாகிதா.

— ஊருக்குப் போனவுகளுக்கு?

— கூட இருக்கவ பெட்டி இருக்குன்னு சொல்லணும். ரஞ்சனிக்கு நான் தினம் சொல்றேன். படிப்பு முடிஞ்சுட்டா பெட்டி எறக்குறது நடக்கும். படி பூராவும் பிள்ளைக உக்காந்து தட்டைத் தட்டுவோம். காது கிழியும். பெட்டிய எறக்குறவ கடைசிப் படியில நின்னு, போயிட்டு வாரேன்னு சொல்லணும். அதோட சரி, மறுநாள்ல இருந்து அந்தப் பேரைக் கூப்பிடமாட்டாக. இப்பப் புரியுதா? நீங்க இந்தப் பெட்டிய கீழ கொண்டு போயிட்டா ரஞ்சனிக்கு இங்க பேரு இல்ல. வெயிட்டிங் லிஸ்ட்டுல ஒருத்தி வாசல்லயே நிக்கிறா. நாளைக்கே இந்தக் கட்டில்ல வந்து படுத்துருவா.

— வேர்க்குது ஆத்தா. இந்த ஜன்னலத் தொறக்கட்டா?

— அது தொறக்காதும்மா. நாங்க சேந்ததுல இருந்து மூடித்தான் கெடக்கு. ஆசாரி வந்து பாத்துட்டு, உடைச்சாத்தான்னு போயிட்டாரு... அட!

— கொண்டியத் தூக்கி, உள்ளுக்கு இழுத்துட்டு அப்புறம் தள்ளணும்.

— எப்படிம்மா தெரியும்?

— பழைய வீட்டு ஜன்னலெல்லாம் ஒரே குணந்தான். காத்து வருது பாரு.

— ரஞ்சனியும் இதைத்தான் சொன்னா. மூலை ரூமுதான் வேணும்னு அடம் பிடிச்சு வாங்குனா. எல்லாரும் பயந்து ஓடுற ரூமு இது. நீங்கதான் சொல்லி விட்டீகன்னா, மூலை ரூமுலதான் காத்து வரும், ராத்திரி ரயிலு போறது தெரியும்னு. அவுகளுக்கு என்னடி தெரியும் நம்ம விடுதியப் பத்தின்னு நான் சிரிச்சேன். ஆமா, உங்க பேரு கண்ணம்மைதானே? அவ போன்ல அப்படித்தான் இருக்கும்.

— அது கல்யாணத்துக்குப் பொறகு வச்சது. எங்க மாமியாவுக்கும் எனக்கும் ஒரே பேரு. மருமகளை வைய வேண்டிய நேரத்துல தன் பேரையே சொல்லி வைய முடியுமா? அதான் வந்த அன்னைக்கே மாத்திட்டாக.

— இது நல்ல கூத்தா இருக்கே! அப்ப உங்க நெசப் பேரு...

— இரு, போனு. அவ சித்தப்பாதான். கையில துணி இருக்கு, அந்த ஸ்பீக்கரைத் தட்டி விடு. நீ பேசாத.

— அண்ணி, என்ன செய்றீக? எம்புட்டு நேரமா வண்டியில உக்காந்திருக்கேன்.

— துணிமணியெல்லாம் மடிச்சு வைக்கிறேன் தம்பி.

— துணி கெடக்கட்டும். எனக்கு அந்தத் தகரப் பெட்டிதான் வேணும். அந்தப் பய கூட எடுத்த போட்டோ, அது இதுன்னு எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கும். வீட்டுல கொண்டு போயி வச்சு எல்லாரு முன்னாலயும் உடைச்சுக் காட்டுறேன். அதோட அடங்குவா.

— சரி தம்பி.

— பெட்டி இங்குட்டு இருக்கிற வரைக்கும் அவ புத்தியும் இங்குட்டுத்தான் ஓடும். நான் வேணா மேல வந்து தூக்கியாரட்டா?

— ஆம்பளைகள கேட்டைத் தாண்டி விடமாட்டாகளாம்.

— பொம்பளைகள மட்டும் கண்டவனோட டீ குடிக்கத் தாண்டி விட்டுருவாகளாக்கும். அண்ணனுக்கு இதெல்லாம் தெரியுதா? எல்லாம் நான்தான் பாக்க வேண்டியிருக்கு. இருட்டுறதுக்கு முந்தி வாங்க.

— இந்தா வந்துட்டேன்.

— ...வச்சுட்டாரா?

— வச்சுட்டாரு. பேசலாம்.

— இவரு ஒரு ஆளுன்னு இவருக்குப் பயந்துக்கிட்டு... ரஞ்சனி அப்பா என்னதான் சொல்றாரு?

— அவரு தம்பி சொன்னா சரிம்பாரு. நெல்லு விலையில இருந்து மக கல்யாணம் வரைக்கும். அதை விடு. இந்த ரூமைப் பாத்து ஏன் பயப்படுறாகன்னு சொன்னியே, அது என்ன?

— அது நீலாக்கா ரூமும்மா. மேல பரண்ல பாருங்க. பச்சைப் பெயிண்ட் உரிஞ்சு ஒரு பெட்டி தெரியுதா?

— தெரியுது.

— அது அவங்களுதுதான். நீலாயதாச்சி. நெசத்துல நீலாயதாட்சின்னு இருக்கணுமாம். எழுதுனவ 'ட்'டுக்குப் பதிலா 'ச்' போட்டுட்டா. இங்க தப்பே திருத்த மாட்டோம்ல, அதனால தாச்சியே நின்னுருச்சு. எந்த வருஷம்னு யாருக்கும் தெரியல. பேரு கூப்பிடுற வரிசையில கடைசிப் பேரு அவங்களோடது. ஊருக்குப் போனவங்க திரும்பவே இல்ல. பெட்டிய எடுக்கவும் ஆளு வரல. பெட்டி எறங்காம பேரை எப்படி நிப்பாட்டுறது? அதனால இன்னைக்கு வரைக்கும் தினமும் கூப்பிடுறோம். நீலாயதாச்சின்னு செக்ரட்டரி கூப்பிட, விடுதியே சேந்து பெட்டி இருக்குன்னு சொல்லும்.

— தினமுமா?

— லீவு நாள்லயும். நடுவுல ஒரு வார்டன், செத்தவ பேரையெல்லாம் கூப்பிடக் கூடாதுன்னு நிப்பாட்டப் பாத்தாங்களாம். அன்னைக்கு ஒரு பிள்ளை மெஸ்ஸுக்குப் போகல. அம்புட்டுச் சாம்பாரும் வீணாப் போச்சு. மறுநாள் அவங்களே பேரைக் கூப்பிட்டுட்டாங்க.

— செத்தவன்னு யாரு சொன்னா?

— எல்லாரும்தான். ஊருணியில விழுந்துட்டாங்கன்னு சொல்றாங்க. சில பேரு, வீட்டுலயே கொன்னுட்டாங்கம்பாங்க. இன்னொரு கதை இருக்கு, யார் கூடயோ கப்பலேறி மலேசியா போயிட்டாங்கன்னு. புதுசா வர்ற பிள்ளைகளுக்கு ராத்திரி பெட்டி தட்டுற சத்தம் கேக்கும்னு சொல்லிப் பயமுறுத்துவோம். ஆனா எனக்கு ஊருணிதான் சரின்னு படுது.

— அவளுக்குக் கல்யாணம் பண்ணி வச்சிருப்பாகன்னு ஒருத்தரும் சொல்லலையா?

— அது ஒரு கதையாம்மா? அது எல்லாருக்கும் நடக்கிறதுதானே.

— ...ம். சரித்தான்.

— ஆயுத பூஜைக்கு எல்லாப் பெட்டியையும் தொடைக்கிறப்ப அவங்க பெட்டியையும் எறக்கித் தொடைப்போம். தொடைக்கிறது நானு. பொட்டு, பூ வைக்கிறது ரஞ்சனி. அவ வச்சா மல்லிகைதான் வைப்பா. வச்சுட்டுக் கும்பிட்டுக்கிட்டே நிப்பா. நீ என்னடி வேண்டுவேன்னு கேட்டா சொல்லமாட்டா. போன தடவை சொன்னா.

— என்ன சொன்னா?

— எங்கே இருந்தாலும் இந்த அக்கா நிம்மதியா இருக்கட்டும், இவுக மாதிரி எனக்கு ஆயிரக் கூடாதுன்னு... அம்மா? என்னம்மா? தண்ணி வேணுமா?

— குடு.

— மெதுவாக் குடிங்க. புரையேறப் போகுது. நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டேனா?

— இல்ல ஆத்தா. செத்துப் போனவளுக்கு என் மக பூ வச்சிருக்காளேன்னு நெனச்சேன். வேற ஒண்ணும் இல்ல.

— அவளுக்கு அப்படியே ஆயிருச்சேம்மா! நீங்க நெனச்சா நிப்பாட்டலாம். பெத்தவுக நீங்க. கீழ போயி, தரமாட்டேன்னு சொல்லுங்க. நான் வேணா கூட வாரேன்.

— தரமாட்டேன்னா நாளைக்கு அவ அப்பாவைக் கூட்டியாந்து, ஆபீஸ்ல எழுதிக் குடுத்து வாங்கிட்டுப் போவாரு. என்னையும் அந்த ரூமுல வச்சுப் பூட்டிருவாரு. அப்புறம் சோறு கொண்டு போக யாரு?

— அதுக்காக அடிப்பீகளா? அடிச்சு அவுகளோட சேந்துக்கிருவீகளா?

— கேட்டுக்க. ஒரு தடவைதான் சொல்லுவேன். அன்னைக்கு அவ சித்தப்பா இடுப்புல இருந்து பெல்ட்டக் கழட்டுனாரு. அந்த பெல்ட்டு எனக்குத் தெரியும். கழட்டி முடிக்கிறதுக்கு முந்தி நான் போயி ஓங்கி அறைஞ்சேன். அவ கீழ விழுந்துட்டா. பெத்தவளே அடிச்சுட்டாளேன்னு அவரு பெல்ட்டத் திருப்பி மாட்டிக்கிட்டாரு. அண்ணி நம்ம பக்கந்தான்னு சொன்னாரு. அன்னையில இருந்துதான் மாடிச் சாவிய எங்கிட்டக் குடுத்திருக்காரு. அதனாலதான் இன்னைக்கு இங்க வர விட்டுருக்காரு.

— ...ரஞ்சனிக்கு இது தெரியுமா?

— அவ என் முகத்தைப் பாக்கிறதில்ல. சோத்தை வச்சா சுவத்துப் பக்கம் திரும்பிக்கிருவா. இருக்கட்டும். பாத்தா நான் அழுதுருவேன். அழுதா சாவி போயிரும்.

— அம்மா...

— நீயும் அழாத. இப்பச் சொல்றதக் கவனமாக் கேளு. கீழ ஒரு தகரப் பெட்டி போகணும். போனாத்தான் அவரு வண்டிய எடுப்பாரு. அவருக்கு ரஞ்சனி பெட்டி கறுப்பா செவப்பான்னு தெரியாது. மேல போர்வையச் சுத்திக் கட்டிட்டா வழியில தொறந்து பாக்கமாட்டாரு. வீட்டுல எல்லாரு முன்னாலயும் உடைக்கணும்னு ஆசை அவருக்கு. முன்னால பட்டாசாலைக் கூடத்துல பெட்டிய வச்சு, அவ அப்பா, மில்லு கணக்கப்பிள்ளை, அக்கம்பக்கம்னு எல்லாரையும் கூப்பிட்டு வச்சுத்தான் சுத்தியல எடுப்பாரு. அம்புட்டுப் பேரும் பெட்டியச் சுத்தி நிக்கிறப்ப மாடிப் பக்கம் யாரும் இருக்கமாட்டாக.

— சாவி உங்ககிட்ட.

— பின்னால நெல்லுக் களம். களத்தைத் தாண்டுனா மெயின் ரோடு. காரைக்குடி பஸ்ஸு நிக்கும்.

— யா அல்லா. அம்மா! நீங்க... இம்புட்டையும் யோசிச்சா வந்தீக?

— வாரப்ப யோசிக்கல. இந்தக் கட்டில்ல உக்காந்ததுக்குப் பொறகுதான். அவ இங்க வந்து சேந்தா எடம் இருக்கணும். அவ பெட்டி அது இருக்கிற எடத்துலயே இருக்கணும். பேரு கூப்பிட்டா பதில் சொல்ல ஆளு இருக்கணும்.

— அப்ப என் பெட்டிய எடுத்துக்கங்க! இந்தா, சாமானெல்லாம் கட்டில்ல கொட்டிட்டேன். இதைக் கட்டி எடுத்துட்டுப் போங்க. போகட்டும்மா, ஒரு தகரப் பெட்டிதானே?

— வேண்டாம் ஆத்தா.

— ஏன்மா?

— உன் பேரு போயிரும். உனக்கும் பரீட்சை இருக்குல்ல. ஒருத்தியக் காப்பாத்த இன்னொருத்திய எறக்கி விடக் கூடாது. எடுத்து வை உள்ள.

— வேற எங்கம்மா போறது பெட்டிக்கு? கடையில வாங்க நேரம் இல்லையே. சரி, பெட்டி கெடைச்சதுன்னே வச்சுக்கங்க. அதை உடைச்சுப் பாத்தா வேற யாரு சாமானோ இருக்கும். மேல போனா ரஞ்சனி இருக்கமாட்டா. சாவி உங்ககிட்ட இருந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். உங்களை என்ன செய்வாக?

— என்னைய இனிமே செய்யிறதுக்கு என்ன இருக்கு?

— அப்படிச் சொல்லாதீக. அந்த பெல்ட்டு...

— அது எனக்குப் பழகுனதுதான். அவரு அண்ணனும் பெல்ட்டு கட்டுறவருதான். பேச்சுதான் இல்ல.

— நீங்களும் அவ கூடவே வந்துருங்கம்மா. இங்க இருக்கலாம். கெஸ்ட்டுன்னு சொல்லி வார்டன்கிட்டக் கேக்குறேன்.

— ரெண்டு பேரும் ஓடுனா ரெண்டு பேரையும் தேடுவாக. ஒருத்தி அங்க நின்னு அடி வாங்குனா, அந்த நேரத்துக்கு இன்னொருத்தி பஸ் ஏறிருவா.

— அவ வருவாளாம்மா? நெசமாவே வந்துருவாளா?

— தெரியாது. கதவைத் தொறந்ததும் அவ என்னைய நம்பணும். அடிச்ச கையிதானே தொறக்குது. நம்பாம சுவத்துப் பக்கமே திரும்பி உக்காந்திருந்தா? அதுதான் எனக்குப் பயம். வேற பயம் இல்ல.

— நான் ஒண்ணு சொல்றேன். ஜாகிதா மெஸ்ஸுல தட்டு எடுத்து வச்சிருக்கான்னு சொல்லுங்க. 'ஹ' இல்ல, 'க'. வேற யாருக்கும் அப்படிச் சொல்லத் தெரியாது. இங்க இருந்து வந்த சேதின்னு புரிஞ்சுக்கிருவா.

— ஜாகிதா மெஸ்ஸுல தட்டு எடுத்து வச்சிருக்கா. சரி. சொல்றேன்.

— கேக்குதா? கீழ ஆரம்பிச்சுட்டாங்க. தீக்ஷா குரலு. எங்க செக்ரட்டரி. நடு முத்தத்துல நின்னு கூப்பிடுவா, அவுகவுக ரூம்ல இருந்தே பதில் சொல்லலாம்.

— ஜாகிதா!

— இருக்கேன்!

— சிவரஞ்சனி!

— அம்மா... என்ன சொல்லட்டும்?

— சிவரஞ்சனி! மூலை ரூமு, என்னடி சத்தத்தையே காணோம்? வெக்கேட் பண்ண ஆளு வந்திருக்காமே, எறக்கியாச்சா? பேரை அடிக்கட்டா?

— சொல்லு ஆத்தா.

— பெட்டி இருக்கு! தீக்ஷா, அடிக்காத! பெட்டி இருக்கு!

— கத்தாதடி, கேக்குது. நீலாயதாச்சி!

— பெட்டி இருக்கு!

— எம்புட்டுப் பேரு சொல்றாக.

— எல்லாரும்தாம்மா. ஆசையாச் சொல்லுவாங்க. இந்தச் சத்தம் முடிஞ்சாத்தான் சோறு.

— நாளையில இருந்து அந்தக் கடைசிப் பேரைக் கூப்பிட வேண்டாம்னு தீக்ஷாகிட்டச் சொல்லிரு.

— ஏன்மா? நீலாக்கா என்ன பாவம் பண்ணாங்க? அவங்களை ஏன் நிப்பாட்டச் சொல்றீக? கீழ ஹாரன் அடிக்கிறாரு வேற. எந்தப் பெட்டியத்தான் கொண்டு போகப் போறீக, சொல்லித் தொலைங்களேன்!

— ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறு.

— எதுக்கு?

— பரண்ல இருக்கே, அதை எறக்கு ஆத்தா. என் பேரைத் தப்பா எழுதுன பெட்டி.